முன்னால் நான்கு, பின்னால் நான்கு

ஹோண்டா சிட்டியில் 2003இல் இந்தியாவுக்கு வந்த தலைமுறைக்கு நான்கு சிலிண்டர், எட்டு பிளக். முதன்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. பெட்ரோல் கார் என்றால் சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக் என்பதுதான் பொது வழக்கம். இந்த 1,497 சிசி இஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு பிளக். ஐ-டிஎஸ்ஐ என்று அதற்குப் பெயர். பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் பக்கமாக நான்கு காயில்கள் வரிசையாகத் தெரியும். போல்ட்டைக் கழற்றி, காயிலை உருவி, சாக்கெட்டை இறக்கினால் பிளக் கையோடு வந்துவிடும். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முன்வரிசை முடிந்துவிடும்.

மீதி நான்கு இஞ்சினுக்குப் பின்னால் இருக்கின்றன. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் மோட்டாரை மறைத்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி போகிறதே, அதற்குக் கீழே. பானெட்டைத் திறந்துவைத்து எப்படிக் குனிந்து பார்த்தாலும் தெரியாது. டார்ச் அடித்தால் காயிலின் தலை மட்டும் கொஞ்சம் மினுங்கும். இரண்டு வைப்பர் கைகளையும் கழற்றி, பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, மூடியைத் தூக்கியெடுத்த பிறகுதான் உள்ளே கை போகும். அப்போதும் கைதான் போகும், கண் போகாது. எதையும் கழற்றாமல் இடுக்கிலேயே கையை நுழைத்து முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களின் மணிக்கட்டைப் பார்த்தால் சிராய்ப்புகள் கதை சொல்லும்.

எதற்கு இரண்டு பிளக் என்பதற்குக் காரணம் எளிது. அறையின் ஒரு மூலையில் பற்றவைத்தால் நெருப்பு மறுமூலைக்குப் பரவ நேரம் பிடிக்கும். எதிரெதிர் மூலைகளில் பற்றவைத்தால் பாதித் தூரம் போதும். எரிதல் சீக்கிரம் முடிகிறது, பெட்ரோல் குறைவான கலவையும் ஒழுங்காக எரிகிறது, நாக்கிங் குறைகிறது. சில வேகங்களில் இரண்டும் ஒன்றாகப் பொறிவிடும், சில வேகங்களில் ஒன்று சற்று முந்திக்கொள்ளும். இதே யோசனையை அதே 2003இல் பஜாஜ் தன் பல்சருக்கும் கொண்டுவந்தது. 2012இல் வந்த 200 என்எஸ்ஸில் ஒற்றை சிலிண்டருக்கு மூன்று பிளக் வைத்தார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் இஞ்சின் வெட்டவெளியில் தொங்குகிறது. இடுக்கு என்பது காரின் வியாதி.

இந்த ஏற்பாட்டில் யாரும் விளம்பரத்தில் சொல்லாத விளைவு ஒன்று உண்டு. ஒற்றைப் பிளக் இஞ்சினில் ஒரு பிளக் செத்தால் வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும்: மிஸ்ஸிங் அடிக்கும், குலுக்கும், பிக்கப் போய்விடும். இங்கே பின்பக்கத்துப் பிளக் சோர்ந்துபோனால் முன்பக்கத்துப் பிளக் அந்தச் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போகும். மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏசி போட்டு மேம்பாலம் ஏறும்போது கொஞ்சம் தயங்கும். ஓட்டுபவர் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்படுவார். பின்னால் இருக்கும் நான்கும் கண்ணுக்குத் தெரியாதவை மட்டுமல்ல, கெட்டால்கூடத் தெரியாதவை.

ஸ்பார்க் பிளக் பழைய பொருள். பாரிஸில் எத்தியென் லெனுவார் 1860இல் செய்த எரிவாயு இஞ்சினில் மின்பொறியால்தான் பற்றவைத்தார். 1902இல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அன்றைய பிளக்கை இன்றைய மெக்கானிக் கையில் கொடுத்தாலும் இன்னதென்று அடையாளம் கண்டுகொள்வார்: கீழே மரை, நடுவில் அறுகோணம், மேலே வெள்ளைப் பீங்கான், நுனியில் சிறிய இடைவெளி. நிக்கல் முனை பிளாட்டினமாயிற்று, இரிடியமாயிற்று. உருவம் பெரிதாக மாறவில்லை. நூறு வருஷத்தில் அதிகம் மாறியது அது குடியிருக்கும் இடம்.

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அந்தக் கார் 1958இலிருந்து 2014 வரை தயாரானது. நீளவாட்டில் வைத்த இஞ்சின், பக்கவாட்டில் வரிசையாக நான்கு பிளக், இரண்டு பக்கமும் ஆள் சாய்ந்துகொள்ளும் அளவுக்கு இடம். டாக்ஸி ஸ்டாண்டில் சவாரி இல்லாத மதியங்களில் டிரைவர்கள் பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலில் நனைத்து, எமரி பேப்பரால் தேய்த்து, இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்து மாட்டுவார்கள். யாரும் அதை ரிப்பேர் என்று சொன்னதில்லை. வண்டியைத் துடைப்பதோடு சேர்ந்த வேலை அது. இதை நினைத்து ஏங்க எனக்கு விருப்பமில்லை. அந்த இஞ்சினுக்கு அடிக்கடி பிளக் கழற்ற வேண்டியிருந்தது, அதனால் எட்டும் இடத்தில் இருந்தது. இரிடியம் பிளக் 1,00,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால், அதை எட்டாத இடத்தில் வைத்தால் என்ன என்று வடிவமைப்பாளர் நினைப்பது இயல்புதான். சிட்டியில் இருந்தது சாதாரண நிக்கல் பிளக் என்பதுதான் இங்கே சங்கடம்.

இடம் எங்கே போயிற்று என்று பார்த்தால் திருடியவர் யாரும் இல்லை. நம் முழங்காலுக்குத்தான் போயிருக்கிறது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி கார் பத்தடி நீளம். இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே செருகி, தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் ஒதுக்கினார். இன்றைக்கு நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை குறுக்கு இஞ்சின்தான். மினியில் டிஸ்ட்ரிப்யூட்டர் நேராக முன் கிரில்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. மழையில் தண்ணீர் அடித்து இஞ்சின் நின்றது. சொந்தக்காரர்கள் சமையலறை ரப்பர் கையுறையை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு வயரை இழுத்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாட்டிவிட்டார்கள். வடிவமைப்பு மேஜையில் விட்டுப்போன ஒன்றை அடுப்படியிலிருந்து எடுத்துச் சரிக்கட்டினார்கள்.

ஹோண்டாவில் இதையே கொள்கையாக வைத்திருந்தார்கள்: மனிதருக்கு அதிக இடம், இயந்திரத்துக்குக் குறைந்த இடம். இந்த சிட்டியும் ஜாஸும் ஒரே அடித்தளம். பெட்ரோல் டேங்கைப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து முன்சீட்டுக்கு அடியில் கொண்டுவந்தார்கள். மூக்கைச் சுருக்கினார்கள். பின்சீட்டில் மூன்று பேர் காலை நீட்டி உட்கார்ந்து, டிக்கியில் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தின் அத்தனை மூட்டையும் ஏற்றலாம். நல்ல பேரம். இயந்திரத்துக்குக் குறைந்த இடம் என்று எழுதியவர்கள், இயந்திரத்தைச் சுற்றி ஒரு மனிதனின் கையும் போய்வர வேண்டும் என்பதை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கை மனிதர் பக்கமா, இயந்திரத்தின் பக்கமா?

சில சமயம் அது கணக்கிலேயே வருவதில்லை. அமெரிக்காவில் ஷெவர்லே மோன்ஸா 1975 மாடலாக வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்று நினைத்திருந்தது சிறிய வான்கெல் சுழல் இஞ்சின். அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் அதே மூக்குக்குள் 4.3 லிட்டர் வி8 இஞ்சினையும் திணித்துக் கொடுத்தார்கள். உட்கார்ந்துவிட்டது, ஓடவும் செய்தது. பிளக் மாற்றும் நாள் வந்தபோதுதான் தெரிந்தது: குறைந்தது ஒரு பிளக்கையாவது எடுக்க, இஞ்சின் மவுண்டுகளைத் தளர்த்தி இஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டும். படம் வரைந்த மேஜையில் ஸ்பேனருக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிட்டி அவ்வளவு மோசமில்லை. பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான் முதல் நிபந்தனை. ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது உத்தமம். வைப்பர் கைகளைக் கழற்றுமுன் அவை கண்ணாடியில் எங்கே நிற்கின்றன என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் வைப்பர் பானெட்டைத் துடைக்கும். பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு மூன்று கட்டாயம் உடையும். பத்துப் பதினைந்து கோடையில் வெந்தவை, அவற்றிடம் நயம் எதிர்பார்க்க முடியாது. மூடியைத் தூக்கினால் அடியில் ஒரு சிறிய தோப்பே இருக்கும்: வேப்பஞ்சருகு, புங்கம்பூ, மண். இதையெல்லாம் ஊதியெடுக்காமல் பிளக்கைக் கழற்றக் கூடாது. குழியைச் சுற்றியிருக்கும் மண் சிலிண்டருக்குள் விழுந்தால் பிளக் மாற்றிய செலவு இஞ்சின் வேலையில் போய் நிற்கும். சைக்கிள் பம்பில் ஒரு டியூபை மாட்டி ஊதினாலே போதும்.

அதன்பிறகு நடப்பதெல்லாம் விரல் நுனியில். தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது நல்லது என்று பழகியவர்கள் சொல்வார்கள். பாதி தெரிகிற இடத்தைக் கண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் விரல் தன் வேலையைச் செய்யாது. போல்ட்டின் தலை, காயிலின் வயர் கிளிப், அதை அமுக்க வேண்டிய நாக்கு எல்லாமே முன்வரிசையில் ஏற்கெனவே பார்த்தவைதான். முன்வரிசையை முதலில் செய்வதன் பலன் இதுதான், பின்வரிசைக்கான பாடம் அங்கே வெளிச்சத்தில் இருக்கிறது. ராட்செட்டோடு நீள எக்ஸ்டென்ஷன் நுழையாது. சிறிய எக்ஸ்டென்ஷனை முதலில் குழிக்குள் இறக்கி, பிறகு இன்னொன்றை அதன் தலையில் செருகி, கடைசியில் ராட்செட்டை மாட்ட வேண்டும். உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்த பிளக் குழியிலேயே நின்றுகொண்டு வர மறுக்கும்.

கழற்றுவது பலத்தின் வேலை. மாட்டுவதற்குப் பலம் ஆகாது. பிளக்கின் உடல் எஃகு. அது போய் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சில நூறு ரூபாய்க்குக் கடையில் தொங்கும், தேய்ந்தால் தூக்கிப்போடும் பொருள் கடினமாகவும், காலத்துக்கும் இருக்க வேண்டிய ஹெட் மென்மையாகவும் அமைந்திருக்கின்றன. இரண்டும் மோதினால் தோற்பது எது என்பதில் சந்தேகமே இல்லை. கோணலாக ஏறும் பிளக்கை ஸ்பேனர் போட்டு நிமிர்த்த நினைத்தால் மரை போய்விடும். பிறகு லேத் பட்டறை, இன்சர்ட், ஹெட்டைக் கழற்றும் கூலி. திறந்த இடத்தில் கோணல் கண்ணுக்குத் தெரியும். இடுக்கில் அது தெரிய ஒரே வழி, தொடக்கச் சுற்றுகளில் கைக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரியாக ஏறுகிறது என்று பொருள்.

அதற்காகப் பட்டறைகளில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஒரு சாண் பெட்ரோல் டியூபை வெட்டி, பிளக்கின் பீங்கான் தலையில் செருகி, டியூபைப் பிடித்துக் குழிக்குள் இறக்கி விரலால் உருட்டுவது. மரை சரியாகச் சேர்ந்தால் பிளக் டியூபோடு சுற்றிக்கொண்டு இறங்கும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும். மரையைக் கெடுக்கிற அளவுக்கு அதனிடம் பலமே இல்லை, அதன் தகுதி அதுதான். டூல் பெட்டியில் இருக்கும் அத்தனை குரோமியம் கருவிகளுக்கும் இல்லாத தகுதி. கையால் இறுகிய பிறகு சாக்கெட்டைப் போட்டு, வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் அரைச்சுற்றோ அதற்குச் சற்றுக் கூடவோ. புது வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தட்டும், ஆனால் அந்த நீளக் கருவி பின்வரிசைக்குள் திரும்ப இடம் தேடும் காட்சியை ஒருமுறை பார்த்தால் விரலின் மீது மரியாதை வந்துவிடும்.

கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் வரிசை மாறாமல் அடுக்கிவைக்க வேண்டும். காரில் பாதி நெருப்புக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருப்பவை இவைதான். சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்பதை வெளியே வந்து சொல்லும். நுனிப் பீங்கான் மங்கிய பழுப்பாக இருந்தால் நலம். கறுப்புக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம், அல்லது நுனி போதுமான சூட்டுக்கு வரவில்லை. சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் எட்டினால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் அதிகச் சூடு. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் வால்வு சீலையோ பிஸ்டன் ரிங்கையோ சந்தேகிக்கலாம். எட்டுப் பிளக் இஞ்சினில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஒரே சிலிண்டரின் இரண்டு பிளக்குகளும் ஒரே கலவையை, ஒரே அழுத்தத்தைப் பார்த்தவை. முன்பக்கத்தது பழுப்பு, பின்பக்கத்தது கரி என்றால் முதலில் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம், அந்தப் பிளக்கையோ அதன் காயிலையோ பார்க்கலாம். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,500 முறை பொறிவிடுகிறது. எட்டும் சேர்ந்தால் வினாடிக்கு 200. இவ்வளவு உழைத்த முனையின் தேய்மானத்தை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஒதுக்கலாம்.

நான் வாங்கிய பழைய சிட்டியின் எட்டும் முட்டை அட்டையில் உட்கார்ந்தபோது இந்த வாசிப்புக்கெல்லாம் தேவையே வரவில்லை. முன்வரிசை நான்கும் ஒரு கம்பெனி, பின்வரிசை நான்கும் வேறு கம்பெனி. முன்வரிசையின் அறுகோணம் இன்னும் பளபளத்தது. பின்வரிசையில் எழுத்தே தெரியாத துரு, முனைகள் உருண்டு தேய்ந்து, இடைவெளி அகன்றிருந்தது. வண்டியோடு வந்த கோப்பில் எட்டுப் பிளக்குக்கான பில் இருந்தது.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வைப்பரைக் கழற்றி, கிளிப்பை உடைத்து, சருகை ஊதி, மணிக்கட்டைச் சிராய்த்துக்கொண்ட பிறகு வந்த கோபம் அது. அதனால் அவ்வளவு தெளிவான கோபமாக இல்லை. எங்கள் பகுதிப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆச்சரியப்படவில்லை.

"எட்டுக்கும் காசு வாங்கிட்டு நாலு மாத்தினது தப்புதான் தம்பி. ஆனா ஒண்ணு சொல்லுங்க. பின்னாடி நாலு மாத்துற நேரத்துல நான் ரெண்டு வண்டிக்கு ஆயில் சர்வீஸ் முடிச்சிருவேன். பில்லுல பிளக் எட்டுன்னுதான் போடுவோம். அதுல எது முன்னாடி, எது பின்னாடின்னு யாரு பாக்குறா?"

"நீங்க எப்படிண்ணே போடுறீங்க?"

"முன்னெல்லாம் பையன் பாத்துக்குவான். கை சின்னது, மூடியக் கழட்டாமலே உள்ள போயிரும்."

பையன் என்று அவர் சொன்னது எந்த வயதுப் பையனை என்று நான் கேட்கவில்லை. அவரும் பதினோரு வயதில் பட்டறைக்கு வந்தவர்தான், அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சிறிய கை என்பது பட்டறைகளில் ஒரு காலம்வரை ஸ்பேனர் செட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2016இல் வந்த சட்டத் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்கிறது. காரின் மூக்கு சுருங்கிக்கொண்டே வந்தது, பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நடுவில் மிச்சமானது நாற்பது வயது மணிக்கட்டும், பின்வரிசை நான்கும். முன்சீட்டுக்குப் பின்னால் கால் நீட்டுகிறவருக்கு இது எதுவும் தெரிய வழியில்லை. எனக்கும் தெரிந்திருக்காது.

பிளக்குக்கு இவ்வளவு என்று சொல்லாமல் முன்வரிசைக்கு ஒரு கூலி, பின்வரிசைக்கு ஒரு கூலி என்று பிரித்துச் சொல்லிவிடலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றார். அப்புறம் அப்படியே செய்தும் பார்த்திருக்கிறார். வண்டிக்காரரை அழைத்து, பானெட்டைத் தூக்கிக் காட்டி, இது இவ்வளவு, உள்ளே இருப்பது இவ்வளவு, எடுத்த பழசை எட்டும் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று.

"எப்படிப் போகுதுண்ணே?" என்று அடுத்தமுறை கேட்டேன்.

"பின்னாடி ரேட்டக் கேட்டதும் பாதிப் பேரு, 'அப்ப முன்னாடி மட்டும் மாத்திருங்க'ங்கிறாங்க தம்பி."